வந்துகொண்டிருக்கும் வள்ளத்துக்கு என்ன போடுவது

மச்சான்,

சாயல்குடி பஸ் கண்டக்டர் இன்று காலை ஒரு பொட்டலத்தை நம் ஆபீஸ் மாடிப்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நெத்திலிக் கருவாடு. மாரியூர்க் கரையிலிருந்து உன் அண்ணன் வீட்டு மதினி கொடுத்தனுப்பியது. பழைய உரச்சாக்கைக் கிழித்துச் சுற்றி, வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் போட்டேன். வாசனை கீழே வரைக்கும் இறங்கிவிட்டது போல. ஜெராக்ஸ் கடைக்காரர் ஏறி வந்து, "என்னங்க, இது ஆபீஸா மீன் மார்க்கெட்டா?" என்று கேட்டார். இப்படிக் கேட்டால் நீதான் பதில் சொல்வாய். "மார்க்கெட்டுதான், ஒங்களுக்கு எம்புட்டு போடட்டும்?" என்று கேட்டு அவரை விரட்டியிருப்பாய். நான் ஜன்னலைத் திறந்துவிட்டதோடு சரி. அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பொட்டலத்தை உன் நாற்காலியில் வைத்திருக்கிறேன். அதில் இதுவரை யாரும் உட்காரவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருமுறை உட்காரப் போனாள். நான் போட்ட சத்தத்தில் அழுதேவிட்டாள். என் குணம் உனக்குத் தெரியாததா? நீ இருந்தபோது என் வாயை அடக்க ஒரு ஆள் இருந்தான். இப்போது இந்த இராமநாதபுரத்தில் என்னிடம் "சும்மா இரு மாப்ள" என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இன்றைக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மீன்பிடி வள்ளங்கள் கரை திரும்பியதைக் கணக்கு வைக்கிற நம் சர்வீஸை வேறு ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. இருக்கிற விவரங்களையெல்லாம் சரிபார்த்துப் புதிய சர்வருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். பிழையான மதிப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பிழையாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், அது உங்கள் வள்ளம். கடைசியாக நீயும் உன் அண்ணனும் போன நாளுக்கு நேரே, 'வந்ததா' என்ற கட்டத்தில், இன்னும் '1' என்றுதான் இருக்கிறது. ஒன்று என்றால் வந்துவிட்டது. நீ திரும்பி வந்துவிட்டாய் என்று உலகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரே இடம் அது.

நாம் சேர்ந்து எழுதியவற்றில் உருப்படியானது இந்த சர்வீஸ் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஜவுளிக்கடை பில்லும் கல்யாண மண்டப புக்கிங்கும். இதை ஒரு தொண்டு நிறுவனம் கேட்டு வந்தபோது நீ சந்தோஷத்தில் மேசையைத் தட்டினாய். கரையில் இருக்கிற ஒருவர் மொபைலில் மெசேஜ் அனுப்புவார்: இந்த வள்ளம், இத்தனை பேர், இந்த நேரத்தில் போனது. சாயங்காலம் இன்னொரு மெசேஜ்: வந்ததா இல்லையா. தேடுதலுக்கு ஏற்பாடு செய்கிற ஆபீஸ், வள்ளத்தின் எண்ணைக் கொடுத்துத் தன் கணினியிலிருந்து கேட்டால், நம் சர்வர் உடனே பதில் சொல்லும். எதைக் கேட்கலாம், என்ன பதில் வரும், அதில் எது எழுத்து, எது எண், எது கட்டாயம், எதை விட்டாலும் பரவாயில்லை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வகை பிரித்து எழுதுவதுதான் நம் வேலை. பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமில்லாத வேலை. நாம் அதற்கு நாள் கணக்கில் சண்டை போட்டோம்.

முதல் சண்டை டெலிபோன் எண்ணுக்காக வந்தது. எண்தானே என்று நான் அதை எண் வகையில் போட்டுவிட்டேன். முன்னால் இருந்த சைபரையெல்லாம் கணினி விழுங்கிவிட்டது. எதற்கும் போன் போகவில்லை. நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ஏலே மொளகாக்காரா, ஒங்க அய்யா வத்தல நிறுத்துப் போட்டாகன்னா அது நம்பரு. போன் நம்பர யாராச்சும் கூட்டுவாகளா, கழிப்பாகளா? கூட்டிக் கழிக்க ஏலாததெல்லாம் எழுத்துன்னு போடு மாப்ள." முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து வந்தவனுக்கு வேறென்ன தெரியும் என்று அன்று முழுவதும் கிண்டல். நானும் விடவில்லை. "ஒங்க கடல்ல ஒரு மொளகாச் செடிய நட்டுக் காட்டு பாப்போம்" என்றேன். அப்போதெல்லாம் கடலை வைத்துச் சிரிக்க நம்மால் முடிந்தது.

அடுத்தது நேரம். கரையிலிருந்து வந்த முதல் மெசேஜ்களில், மணிக்குப் பதிலாக, விடிகிற நேரத்துக்கு 'வெள்ளாப்புல', 'கோழி கூப்பிட', 'பொழுதேற' என்றெல்லாம் வந்தன. எனக்கு அது பிடித்திருந்தது. அப்படியே எழுத்தாக வாங்கிக்கொள்ளலாம் என்றேன். நீ ஒப்பவில்லை. மணியும் நிமிடமும் எண்ணாக வந்தால் மட்டும் ஏற்பது, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவது என்று எழுதினாய். "கேக்குறவன் கடலுக்குப் போனவன் இல்ல மாப்ள. ஃபேனுக்கு அடியில உக்காந்துருக்கவன். வெள்ளாப்புன்னா அவனுக்கு என்ன வெளங்கும்?" திருப்பித் திருப்பி அனுப்பியதில் கரையில் எல்லாரும் மணி பார்க்கப் பழகிக்கொண்டார்கள். உன் கண்டிப்பு பலித்தது. பலித்ததுதான் வினையாகப் போயிற்று.

கடைசிக் கட்டம் 'வந்ததா'. அதற்கு நீ இரண்டே மதிப்பு வைத்தாய், ஒன்று அல்லது சைபர். காலியாக விட முடியாது, கட்டாயம் நிரப்ப வேண்டும்.

"தெரியலன்னா?" என்று கேட்டேன்.

"தெரியலன்னா சைபர்."

"இன்னும் வந்துக்கிட்டு இருந்தா?"

நீ கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாய். முகம் மாறிவிட்டது. அப்போதுதான் உன் அய்யாவைப் பற்றி எனக்கு முதல்முறையாகச் சொன்னாய். "நான் மூணாப்பு படிக்கையில அய்யா கடலுக்குப் போனாக. இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்காக. ஆத்தாவக் கேளு, அப்படித்தான் சொல்லும். ஊர்ல ஒருத்தரும் வரலன்னு வாயால சொல்லல. காரியமும் பண்ணல. பள்ளிக்கூடத்துல, அப்பா இருக்காரா இல்லையாடான்னு வாத்தியார் கேட்டாரு. முழிச்சுக்கிட்டு நின்னேன். சிரிக்கிறாங்க எல்லாரும்." கீபோர்டை மறுபடி இழுத்துக்கொண்டு, "ஒரு பதில் வேணும் மாப்ள. நல்லதோ கெட்டதோ. மூணாவதா ஒன்னு வச்சேன்னா எல்லாரும் அதுலயே குடியிருந்துருவாக" என்றாய்.

இரண்டு மதிப்போடேயே அதை சர்வரில் ஏற்றினோம்.

மாரியூருக்கு அந்த மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொடுக்கப் போனோமே, நினைவிருக்கிறதா? ஏலக் கொட்டகை நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மதினிதான் அந்தக் கரைக்கு மெசேஜ் அனுப்பும் ஆள் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தாய். எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு அக்கா மெதுவாகக் கேட்டார்: "சரிப்பா, இருட்டிருச்சு, வள்ளம் இன்னும் வந்துக்கிட்டு இருக்கு. அதுக்கு என்ன போடுறது?" வராத வள்ளத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. அந்தச் சொல்லே அந்தக் கொட்டகையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

"சைபர்" என்றாய்.

உன் ஆத்தா கூட்டத்திலிருந்து எழுந்து வீட்டுக்கு நடந்துவிட்டது. அந்த அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். மதினிதான் பேசினார். "ஆளு கடல்ல இருக்கையில அதுக்கு நேரா சைபரப் போடுறதா? கை எப்படி வரும் கொழுந்தனாரே?"

"அது வெறும் கணக்கு மதினி. ஒன்னும் ஆயிராது."

"நீங்க போட்டுருவீகளா?"

நீ சிரித்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சொன்னேன், அந்தக் கைகள் சைபரை அழுத்தாது என்று. எங்கள் ஊரிலும் அப்படித்தான். பொட்டு மேகம் இல்லாத வானத்தைப் பார்த்துக்கூட மழை வராது என்று என் அய்யா சொல்ல மாட்டார்; "இன்னும் வரலயே" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "பழகிக்குவாக மாப்ள. வெள்ளாப்ப விட்டுட்டு மணி பாக்கப் பழகல?" என்றாய். அந்த வாரமே இன்னொன்றும் எழுதிச் சேர்த்தாய். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பதில் வராத வள்ளத்துக்கு சர்வரே மெசேஜ் அனுப்பும்: 'விவரம் முழுமையாக இல்லை. வந்ததா? 1 அல்லது 0 அனுப்பவும்.' பதில் வரும்வரை விடாமல் அனுப்பும்.

உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது மச்சான். நான் காட்டுக்காரன், எனக்குத் தெரியாமல் போகலாம். நீ அந்த மணலில் பிறந்தவன். உன்னைப் பெற்றவள் இத்தனை வருடமாக எந்தச் சொல்லைச் சொல்லாமல் உயிரோடு இருக்கிறாள் என்று பார்த்து வளர்ந்தவன். நீயே அந்த வாசலை அடைத்தாயே.

அடைத்தது உன்னையும் உறுத்தியிருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. போன கார்த்திகையில் உன் அண்ணனோடு போகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று நீ லீவு போட்டுக் கிளம்பினாய். படியில் இறங்கும்போது, "அப்படியே டவர் எம்புட்டு தூரம் எடுக்குதுன்னு பாத்துட்டு வாரேன். வந்தாச்சுன்னு வள்ளத்துலருந்தே மெசேஜ் போட வச்சுட்டா, கரையில இருக்கவுகள வதைக்க வேண்டியதில்ல. வாரேன் மாப்ள" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜவுளிக்கடைக்காரருக்கு ஏதோ பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். "வாங்கிட்டு வா, நல்ல மீனா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை கடலிலிருந்து உன் மெசேஜ்கள் வந்தன. 'எடுக்குது.' 'இன்னும் எடுக்குது.' 'கரை தெரியல, டவர் தெரியுது.' அதுதான் கடைசி. மத்தியானத்துக்கு மேல் வாடை பலமாக வீசத் தொடங்கியது. இராமநாதபுரத்தில் எங்களுக்கு அது துணி உலர்த்துகிற காற்று. மாரியூரில் அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சாயங்காலம் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒன்று விழுந்துகொண்டே வந்தது. உங்களுடையது மட்டும் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதற்கும் ஒன்று விழுந்தது. உன் போனுக்கு அடித்தேன், அணைந்திருந்தது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, பூட்டிவிட்டு, வழியில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நன்றாகத் தூங்கினேன் மச்சான்.

மாரியூரில் நடந்ததை மதினி பிற்பாடு சொன்னார். மற்ற வள்ளங்களெல்லாம் முன்கூட்டியே கரை ஏறிவிட்டன. இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்திலேயே நின்றிருக்கிறார். வந்ததா என்று சர்வர் கேட்டது. இவர் ஒன்றும் அனுப்பவில்லை. மறுபடி கேட்டது. மறுபடி. நீ எழுதிய வாக்கியம், நீ வைத்த கண்டிப்பு, உன்னைத் தேடி நிற்கிறவரையே போட்டு அரித்துக்கொண்டிருந்தது. "சைபர அமுக்குனா நானே என் கையால கடல்ல தள்ளிவிட்ட மாதிரி ஆயிருமே தம்பி. ஒன்னப் போட்டேன். போட்டா வந்துருவாகன்னுதான் போட்டேன்" என்றார். ஒன்று போய்ச் சேர்ந்ததும் சர்வர் கேட்பதை நிறுத்திவிட்டது.

அந்தக் காற்றில் வள்ளத்தைத் தள்ளிப் பிரயோசனமில்லை, பெரிய படகு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் தேடுதல் ஆபீஸுக்குப் போன் போட்டார்கள். அங்கே இருந்தவர் நம் சர்வரைக் கேட்டார். நம் சர்வர் பதில் சொன்னது. "வந்துட்டதாத்தானே இருக்கு? ஒங்க கரையிலருந்துதான் அனுப்பியிருக்காக. வேற வள்ளமாப் பாருங்க" என்றாராம். தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். வாய்ப்பேச்சுக்கும் திரையில் இருக்கிற எண்ணுக்கும் நடந்த வழக்கில் விடியும்வரை எண்தான் ஜெயித்தது. சர்வரில் பிழை என்றால் கூப்பிடச் சொல்லி அவர்களிடம் கொடுத்திருந்தது ஒரே ஒரு போன் எண், உன்னுடையது.

மறுநாள் பெரிய படகுகள் போயின. அடுத்த நாளும் போயின. உங்கள் வள்ளத்தின் தண்ணீர்க் கேன் ஒன்று கிடைத்தது. நான் மாரியூர் மணலில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் பார்ப்பது என்றுகூடத் தெரியாமல், எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் ஆத்தா அழவில்லை. "வந்துக்கிட்டு இருக்கானுக" என்று சொன்னது. இன்றைக்கும் கேட்கிறவர்களிடம் அதையேதான் சொல்கிறது. முன்பு ஒருவருக்குச் சொன்னதை இப்போது மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறது.

புதிய சர்வருக்கு வரையறை எழுதும் வேலை என்னிடம் வந்தபோது, முதலில் செய்தது ஒன்றுதான். 'வந்ததா' கட்டத்தில் மூன்றாவது மதிப்பு ஒன்று வைத்தேன். 'எதிர்பார்க்கிறோம்.' விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த மதிப்பு வந்தாலும் சரி, ஒன்றுமே வராவிட்டாலும் சரி, சைபர் வந்த மாதிரி எடுத்துக்கொண்டு உடனே தேடுதலுக்குச் சொல்லிவிட வேண்டும். யாரும் எந்தச் சொல்லையும் சொல்லத் தேவையில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறேன். நீ இருந்தால் குறை கண்டுபிடித்திருப்பாய், பிறகு ஒப்புக்கொண்டிருப்பாய்.

போன வாரம் மாரியூருக்குப் போய் மதினியிடம் அதைச் சொன்னேன். உங்கள் வள்ளத்துக்கு நேரே இருக்கிற ஒன்றை எடுத்துவிட்டு, 'எதிர்பார்க்கிறோம்' என்று மாற்றிவிடுகிறேன் என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், மடையன். அவர் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் சொன்னார்: "வேணாம் தம்பி. அத்த இத்தன வருசமா அதுக்குள்ளதான கெடக்கு. என்னையும் அதுல தள்ளிராதீக. பிள்ளைக கேக்குது, நான் ஒரு பதிலச் சொல்லணும்ல. அன்னைக்கு நான் போட்ட ஒன்ன அழிச்சிருங்க. சைபரப் போட்டுருங்க. என் கையால ஏலாது. நீங்க போடுங்க."

ஒரு பதில் வேணும் என்று நீ சொன்னதை, நீ சொன்னது தெரியாமலே அவரும் சொல்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து ஒரு வாரமாகத் தினமும் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்து மூடுகிறேன். இன்று காலை பொட்டலம் வந்த பிறகு மதினி போன் செய்தார். "கருவாடு வந்துச்சா தம்பி?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "போட்டாச்சா?" என்று கேட்டார். இன்றைக்குப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

இந்த இடம் வரைக்கும் எழுதிவிட்டு, எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஒற்றை விரல் வேலை. வெறும் கணக்கு என்றாயே, எத்தனை முறை அடித்து அடித்து அழித்தேன் தெரியுமா? மதினி அன்றைக்கு உன்னைக் கேட்ட கேள்விக்கு, நீயானாலும் போட்டிருக்க மாட்டாய் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

போட்டுவிட்டேன் என்று மதினிக்குப் போன் செய்து சொன்னேன். "சரி தம்பி. கருவாட்ட ஒரு வெயில் காய வச்சு எடுத்து வைங்க, மழக்காலம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சர்வர் சரியாகப் பதில் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும் அல்லவா? உங்கள் வள்ளத்தின் எண்ணைக் கொடுத்துக் கேட்டேன். வந்ததா? சைபர். உடனே சொன்னது, நீ எழுதிக்கொடுத்தபடி, சுற்றி வளைக்காமல். இன்னொருமுறை கேட்டேன். அதே பதில். இதுவரை எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நாளைக் காலையில் ஆபீஸைத் திறந்ததும் மறுபடி கேட்பேன் என்பது மட்டும் தெரியும். அந்த மூன்றாவதில் எல்லாரும் குடியிருந்துவிடுவார்கள் என்று பயந்தாயே மச்சான், மதினியை வெளியே விட்டுவிட்டேன். இப்போது அதில் இருப்பது நான்தான்.